பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்

எங்கள் சபையில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல விரும்புவோர் சொல்லலாம் என்று போதகர் அறிவித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியில் யாரும் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. தடை சொல்ல நினைப்பவர்கள் அதற்கு வெகுநாள் முன்பே, தங்கள் வீட்டு முன்னறையில், மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி கொடுத்தபடியே சொல்லி முடித்திருப்பார்கள்.

ராஜபாளையத்தில் என் பெற்றோர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே இருந்தவரை நாங்கள் மதினி என்று அழைத்தோம். நூற்பாலை அலுவலகத்தில் வேலை, கணவர் ராணுவத்தில். அவர்களுடைய சின்ன மகளை என் தங்கைதான் வளர்த்தாள் என்று சொல்ல வேண்டும். காலையில் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவதும், மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்துச் சோறூட்டுவதும் அவளே. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி மதினியிடம் இருந்தது. "உன் தங்கச்சி இல்லாட்டி எங்க வீடு ஓடாதுட்டி" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் அதை நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

தங்கைக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று முகம் மலரச் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு போனை எடுக்கமாட்டார்கள். நகை பற்றிய பேச்சில்லை, படிப்பில் குறையில்லை. போலீஸ் வேலையில் ஊரையெல்லாம் விசாரித்து ஓய்வு பெற்ற அப்பா, "நம்மளப் பத்தி யாரு வேணாலும் விசாரிக்கட்டும். மறைக்க என்ன இருக்கு?" என்று பெருமையாகச் சொல்வார்.

தங்கை கண்ணாடி பார்ப்பதை விட்டாள். விடுமுறைக்கு நான் போயிருந்தபோது, துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, என்கிட்ட ஏதோ ஒண்ணு இருக்குல்லா? எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியாத ஒண்ணு."

அவள் குரலில் அழுகை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். 

நான் மணமாகிப் போன ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. ஏலத்துக்கு வாழைத்தார்கள் அடுக்கியிருந்த பந்தலில் ஓர் அம்மா என்னைக் கண்டு அருகே வந்தார். ஒருமுறை தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர். என் கையைப் பரிவோடு பற்றிக்கொண்டார்.

"தங்கச்சிக்கு இப்ப எப்படிம்மா இருக்கு? வலிப்பு குறைஞ்சிருக்கா? நாங்க ஜெபத்துல வச்சிருக்கோம்."

"யாருக்கு வலிப்பு?"

"மறைக்காதம்மா. பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லிருச்சி. பாவம், சொல்ல மனசில்லாம அழுதுட்டா. சாவிக்கொத்தைக் கையில குடுத்துத்தான் எழுப்புனாளாம்."

சாவிக்கொத்து என்றதும் எனக்கு நினைவு வந்தது. டைபாய்டு கண்டு எழுந்த வாரத்தில், மதினி வீட்டு மாடியில் குழந்தையின் சீருடையைக் காயப்போடப் போன தங்கை வெயிலில் மயங்கி விழுந்தாள். கண் விழித்தபோது, மதினியிடம் இருந்த எங்கள் வீட்டுச் சாவிக்கொத்து அவள் கையில் இருந்ததாம். வலிப்புக்காரருக்குத்தானே இரும்பு கொடுப்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மதினியும் சிரித்தார்.

வலிப்பு ஒரு நோய். வந்தவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லாத நோயை ஒருத்தியின் மேல் ஏற்றிவிட்டு, அவள் பிசைந்து ஊட்டிய சோற்றைத் தன் பிள்ளை உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

ராஜபாளையம் போய் வீட்டில் சொன்னேன். அம்மா நம்பவில்லை. தங்கை மட்டும் துணி மடித்த கையை நிறுத்தி, "அடுத்த தடவை விசாரிக்க வரும்போது நீயே போயி கேட்டுட்டு வா" என்றாள்.

அடுத்து வந்தவர்கள் கான்சாபுரத்துக்காரர்கள். காப்பி குடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். "செத்த காலாற நடந்துட்டு வாரேன்." எங்கே போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் பெண் வீட்டார் பக்கத்து வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது, அது மரியாதை. நான் பின்வாசல் வழியாகப் போய் மதினியின் அடுக்களையில் நின்றேன்.

"தங்கமான பிள்ளை. எங்க பாப்பா அவ கையிலதான் வளருது." அதன்பின் ஒரு பெருமூச்சு.

"எதுனாலும் சொல்லும்மா. எங்களுக்கும் பிள்ளையோட வாழ்க்கையில்லா?"

"எப்படிச் சொல்ல... கையில இரும்பைக் குடுத்தா எந்திரிச்சிருவா. மத்தபடி ஒண்ணுமில்ல."

நான் முன்னறைக்குப் போனேன். "எத்தனை தடவை குடுத்தீங்க மதினி?"

அவர் முகம் சற்றும் மாறவில்லை. "நீ எப்ப வந்தட்டி? காப்பி குடிக்கியா?"

"அவளுக்கு வலிப்பே கிடையாது, பெரியப்பா. இவங்க சொல்றது பொய்."

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நமக்கு எதுக்கும்மா வம்பு?" பொய் சொன்னவரிடமும் மெய் சொன்னவளிடமும் அதே ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர்மீதும் என் கோபம் ஆறவில்லை.

அவர் போன பிறகுதான் மதினியின் குரல் உயர்ந்தது. "என்னட்டி அப்படிப் பாக்க? கெடுதலா பண்ணிட்டேன்? கட்டிக் குடுத்தா எங்கயோ கொண்டுபோயி அடுப்படியில போட்டுருவான். இங்கன ராணி மாதிரி இருக்கா. அவியளும் பட்டாளத்துல. அவ போயிட்டா என் பிள்ளைய யாரு பாக்கது?"

அவ்வளவுதான் காரணம். ஓர் ஆயாவுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்காக ஒருத்தியின் ஆயுளை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது நியாயம் தன் பக்கம் என்ற நம்பிக்கையும் அவரிடம் இருந்தது.

கத்தவேண்டும் என்று போனவள் கையை மட்டும் நீட்டினேன். "எங்க வீட்டுச் சாவியக் குடுங்க."

நடந்ததைக் கேட்ட தங்கை மறுநாள் முதல் குழந்தைக்குத் தலை பின்னப் போகவில்லை. பல மாதம் கழித்து இன்னொரு வரன் வந்தது. பெண் பார்க்கும் நாளில், தலை குனியாமல் வந்து உட்கார்ந்து, அவளே சொன்னாள்: "பக்கத்து வீட்டுல விசாரிங்க. எனக்கு வலிப்புன்னு சொல்வாங்க. பொறவு எங்க டாக்டரையும் போயி கேளுங்க." மாப்பிள்ளை, கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் பேருந்து ஓட்டுபவர், சிரித்துவிட்டார். "ரெண்டு இடத்துலயும் சொல்லப்போறத நீங்களே சொல்லிட்டீங்க. நான் எதுக்கு அலையணும்?"

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்டுப் போதகர் நிறுத்தியபோது, தங்கை முழுவதுமாகத் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். மதினி குனிந்து மகளின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பின்னல் கோணலாக இருந்தது. குழந்தை மட்டும் தங்கையைக் கண்டதும் கையசைத்தது, அவளும் அசைத்தாள்.

எனக்குக் கை எழவில்லை.