ஆறாவது குழி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கண்ணைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கண்ணாடித் தகடு இன்றைக்கும் இருக்கிறது. அதில் விழுந்த கோடும் இருக்கிறது.

1974, நவம்பர் 16, சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் ஒரு மருந்துக் கம்பெனி. அதன் பின்பக்கம் சின்னதாக ஓர் ஆராய்ச்சிக்கூடம். நான் செண்பகம், ஆரணிக்காரி. அப்பாவுக்குக் கூலி வேலை. எங்கள் தெருவில் பி.எஸ்சி. முடித்த முதல் பெண் நான்தான். தற்காலிக வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை கூடத்தின் தலைவர் டாக்டர் ராமஸ்வாமியிடம் சரியான முடிவைக் காட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு.

வேலை இதுதான். செல்லின் உட்கருவுக்குள் ஹிஸ்டோன் என்றொரு புரதம் உண்டு. கன்றுக்குட்டியின் ஹிஸ்டோனை முயலுக்கு ஊசியில் ஏற்றுவோம். முயலின் ரத்தத்தில் அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாகும். அந்த ரத்தத்தைத் தெளியவைத்தால் சீரம். அகார் என்ற கடற்பாசிக் கூழ் பரப்பிய கண்ணாடித் தகட்டில் நடுவே ஒரு குழி, சுற்றிலும் ஆறு குழிகள். நடுவில் சீரம். ஐந்தில் ஹிஸ்டோன். ஆறாவதில் வெறும் உப்புநீர். ஆன்டிபாடியும் ஹிஸ்டோனும் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். உப்புநீருக்கு எதிரே விழவே கூடாது.

காலை 9.00 மணிக்குத் தகட்டை வைத்தேன். மாலை 4.15க்கு விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஐந்து கோடுகள், அழகாக.

ஆறாவதும் இருந்தது.

ஒரே பொருளாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அது மட்டும் பக்கத்துக் கோட்டோடு ஒழுங்காக இணையவில்லை. சேருமிடத்தில் சின்னதாக ஒரு வால். அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அதுவும் ஹிஸ்டோன். ஆனால் கன்றினுடையது இல்லை.

நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். புது உப்புநீர் கலந்தேன். எல்லாவற்றையும் கழுவினேன். 4.40க்கு இரண்டாவது தகடு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. உட்கார முடியவில்லை. நடந்தேன். கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

5.10. பக்கத்து முயல் அறையிலிருந்து சத்தம்.

டொக்... டொக்... டொக்...

முயல்களைப் பார்த்துக்கொள்ளும் யேசுதாஸ் கதவருகே வந்து நின்றார். தலை நனைந்திருந்தது.

"இன்னாண்ணே சத்தம்?"

"முயலுங்கம்மா. பின்காலால தட்டுதுங்க. பயந்தா அப்டித்தான் தட்டும்."

"பாம்பு கீம்பு வந்துச்சா?"

"நல்லா தேடிட்டேன். ஒண்ணும் இல்ல." கொஞ்சம் தயங்கினார். "பன்னெண்டு முயலும் உன் ரூம் பக்கமே பாத்துக்கினு இருக்குது. பேஜாரா கீது. சீக்கிரம் கிளம்பும்மா."

"இது முடியாம எப்டிண்ணே போறது?"

தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

5.35. தகட்டைப் பார்த்தேன். ஐந்து குழிகளுக்கு எதிரே ஒன்றுமில்லை. ஆறாவதற்கு எதிரே மட்டும் கோடு. ஏழு மணி நேரம் ஆக வேண்டியது... ஐம்பத்தைந்து நிமிடத்தில்.

ஆனாலும் விடவில்லை. மூன்றாவது தகடு, 6.20. இந்தத் தடவை ஆறாவது குழியில் எதுவுமே ஊற்றவில்லை. உப்புநீர்கூட இல்லை. காலிக் குழி.

பக்கத்து அறையில் சத்தம் நிற்கவில்லை.

டொக்... டொக்...

6.31. குனிந்து பார்த்தேன்.

காலிக் குழி நிறைந்திருந்தது.

விளிம்புவரை. ஒரு சொட்டு மேலே புடைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரே கோடு வெளுத்து... தடித்து...

கூழைத் தொட்டேன். எங்கும் சில்லென்றிருந்தது.

அந்தக் குழியருகே மட்டும்... சூடு.

உடம்புச் சூடு.

தட்டல் நின்றது. பன்னிரண்டும், ஒரே நேரத்தில்.

என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் நகர்ந்தது.

கிறீச்...

"யேசுதாசண்ணே?"

"இன்னாம்மா?"

குரல் வெளியிலிருந்து வந்தது. மழைக்குள்ளிருந்து.

திரும்பவில்லை. ஓடினேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் முதல் தகட்டைக் கொடுத்து, ஆறாவதிலும் கோடு விழுந்ததை மட்டும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. தகட்டுக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்து எடுத்துக்கொண்டார். வேலையை நிரந்தரமாக்கினார். வேறு மேஜைக்கு மாற்றினார்.

1977இல் ஒருநாள் கூப்பிட்டார். என் தகட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தகடு. அதே கோடு. அதே வால்.

"இது போன வாரம் பண்ணினது. மனுஷ ரத்தத்திலேர்ந்து எடுத்த ஹிஸ்டோன்," என்றார். "அன்னிக்கு நீ கையைக் கீறிண்டியா?"

"இல்ல சார்."

அந்த வாரம்வரை எங்கள் கூடத்துக்குள் மனித ரத்தம் வந்ததே இல்லை.

அவர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு தகட்டை எடுத்து வைத்தார். பழையது. ஓரத்தில் 1971 என்று எழுதியிருந்தது. ஆறாவது குழிக்கு எதிரே கோடு.

"துளசிராமன். உனக்கு முன்னாடி அந்த மேஜையில இருந்தவர்."

"அவர் என்ன சொன்னாரு சார்?"

"ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் தனியா வேலை பார்த்துண்டிருந்தார். காலம்பற நாங்க வந்தப்போ ரூம் உள்பக்கமா தாழ் போட்டிருந்தது. கதவை உடைச்சுண்டுதான் போனோம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உள்ளே யாரும் இல்லை. அவர் ஆத்து மனுஷா இன்னும் அவரைத் தேடிண்டிருக்கா."