பதினோராவது சீட்டும் சனிக்கிழமைச் சூலமும்

டிராவல் ஏஜென்ட் என்பவன் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் ஜன்னல் சீட் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருப்பவன்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். பன்னிரண்டு வருடமாக வியட்நாமில், சைகோனில் இந்த வேலை. செட்டிநாட்டுக்காரர்கள் கட்டிய கோயிலிலிருந்து நாலு கடை தள்ளி எங்கள் ஆபீஸ். சாமி கும்பிட்டுவிட்டு நெற்றி விபூதியோடு நேராக என் மேஜைக்கு வருவார்கள். சாமியிடம் கேட்டதையே என்னிடமும் கேட்பார்கள்: வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆகணும், பெட்டி எடை கூடக் கூடாது, பக்கத்து சீட்டில் குழந்தை அழக் கூடாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வயிறெரிந்தவர் உங்களில் யாராவது இருந்தால் வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

முதலில் தலை, பிறகு தொப்பி

எங்கள் முதலாளி அம்மா வியட்நாம்காரர். எல்லாரும் சீ லான் என்று கூப்பிடுவோம்; லான் அக்கா என்று அர்த்தம். ஒருநாள் நீலக் கடல் படம் போட்ட தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார். டெட் என்கிற இந்த ஊர்ப் புத்தாண்டு லீவில் கரீபியன் பயணம். விமானத்தில் பார்படாஸ், அங்கிருந்து கப்பலில் தீவு தீவாகச் சுற்றல். பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால், கூட்டிப்போகிற ஆளுக்கு விமானக் கம்பெனி பதினோராவது சீட்டை இனாமாகத் தரும். அந்த ஆள் நான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. எத்தனையோ பேரை எங்கெங்கோ ஏற்றி அனுப்பியிருக்கிறேன். நான் பறந்ததெல்லாம் சென்னைக்கு மட்டும், அதுவும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும். பார்படாஸோ, சின்ன வயதில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக் கேட்டு மனசில் பதிந்த ஊர். அதைக் கண்ணால் பார்க்காமல் போனால் என் கட்டை வேகாது. சாயங்காலமே பென் தான் சந்தைக்குப் போய் ஒரு ஓலைத் தொப்பி வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டேன். மறுநாள் சீ லான் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல பத்துத் தலையைப் பிடி. உன் தலைக்குத் தொப்பி அப்புறம்."

ஆலோசனை இலவசம்

முதலில் வந்தது கார்த்திக் என்ற இன்ஜினியரும் அவர் மனைவியும். தூ டுக் பகுதியில் வேலை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். நானும் வஞ்சனையில்லாமல் எல்லாம் சொன்னேன். முப்பது மணி நேரப் பயணத்தில் ஜன்னல் சீட் வேண்டாம், பாத்ரூம் போக ரெண்டு பேரைத் தாண்ட வேண்டியிருக்கும். மாற்று உடை ஒன்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டி உங்களோடு வரும் என்று எந்த ஜோசியனும் சொல்ல மாட்டான். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது உயிர் இருக்கணும். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு, அதே போனில் என் கண்ணெதிரே ஏதோ ஆப்பைத் திறந்து விலை பார்த்தார்கள். "சும்மா கேட்டு வச்சுக்கலாம்னுதான்" என்று எழுந்து போனார்கள். பால் ஐஸ் காபி வாங்கிக் கொடுத்திருந்தேன், அதை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஆப் கொடுத்த டிக்கெட்டில், நடுவழி ஏர்போர்ட் ஒன்றில் பத்தொன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். அபராதம் கட்டி ரத்து செய்துவிட்டு என்னிடமே போட்டார்கள். "ஆப் விலை கம்மியாச்சே?" என்று கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன். கார்த்திக் கூச்சப்படாமல் சொன்னார்: "ஏதாவது தப்பாப் போனா திட்டறதுக்கு ஆப்ல ஆள் இல்ல சார்."

தயிர் திரவமா?

அடுத்தது, பக்கத்து ஊர் பின் யுவோங்கில் பாக்டரி மேனேஜராக இருக்கும் சண்முகம் சார். தானும் மனைவி மீனாட்சி அக்காவும், கூடவே பாக்டரியில் வேலை பார்க்கும் மூன்று தம்பதிகளும் என்று எட்டுப் பேரை ஒரே மூச்சில் சேர்த்துவிட்டார். கார்த்திக் தம்பதியோடு பத்து. அவருக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்று நினைத்தேன்.

மீனாட்சி அக்காவுக்கு மட்டும் என்மேல் பழைய கோபம். இந்த ஊர்க் கடையில் கிடைக்கிற தயிர் எல்லாம் சர்க்கரை போட்டது. சோற்றில் பிசைந்தால் பாயசம் மாதிரி இருக்கும். அதனால் அக்கா ஊரிலிருந்து உறை கொண்டுவந்து வீட்டில் தோய்த்து, எங்கே போனாலும் ஒரு டப்பா தூக்கிக்கொண்டு போவார். போன தடவை சென்னைக்குப் போகும்போது செக்யூரிட்டியில் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நூறு மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் ஆகாது என்று நான் சொல்லவில்லையாம். இந்த முறை முன்கூட்டியே சொன்னேன். அக்கா பையிலிருந்து ஒரு தயிர் டப்பாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "ஆபீஸ் பிரிட்ஜ்ல வச்சுச் சாப்பிடுங்க தம்பி. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கவுத்துப் பாருங்க. ஒரு சொட்டு விழுந்தா நான் திரவம்னு ஒத்துக்கறேன்." அன்றிலிருந்து வாரம் ஒரு டப்பா வந்தது.

உலகம் உருண்டை

போகிற வழியில் அமெரிக்காவில் இறங்கி விமானம் மாற வேண்டும். இறங்கி ஏற மட்டும்தான் என்றாலும் விசா வேண்டும். அதற்கு அலைந்து திரிந்து பதினொரு பேருக்கும் வாங்கியாகிவிட்டது. என் பாஸ்போர்ட்டிலும் ஒட்டியாகிவிட்டது. அரைக்கால் டிரவுசர்கூட வாங்கிவிட்டேன்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது சண்முகம் சார் வந்தார். முகம் சரியில்லை. வீட்டுத் தினசரிக் காலண்டரில் நாங்கள் கிளம்புகிற தேதியைப் புரட்டி போனில் படம் பிடித்து வந்திருந்தார். கட்டைவிரலால் போனின் கீழ்ப்பாதியை அழுத்திப் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். சனிக்கிழமை, சூலம் கிழக்கு.

"நம்ம ப்ளேன் எந்தப் பக்கம் போகுது?"

"டோக்கியோ வழியா, சார். கிழக்கேதான்."

"சூலம் பார்க்காம நான் பின் யுவோங்லேர்ந்து சைகோனுக்கே வர மாட்டேன். மத்த மூணு குடும்பமும் நான் போனாத்தான் வரும். கேன்சல் பண்ணிடுங்க."

வெள்ளிக்கிழமை கிளம்ப பாக்டரி விடாது, ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் கப்பல் இருக்காது. எட்டுப் பேர் கழன்றுகொண்டால் பயணமே இல்லை. என் தொப்பியைப் பார்த்தேன், பக்கத்திலிருந்த உலக உருண்டையைப் பார்த்தேன். மூளை மின்னியது. உருண்டையை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காட்டினேன். "மேற்கே போனாலும் அதே பார்படாஸ்தான், சார். ஐரோப்பா வழியாப் போயிடலாம். அமெரிக்க விசா இருக்கறதால அங்க தடையும் இல்ல." சண்முகம் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பேரே வெஸ்ட் இண்டீஸ். மேற்கே போறதுதானே முறை?" என்றார். ஒரு மணி நேரத்தில் பத்து டிக்கெட்டையும் வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டு, முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று சீ லானிடம் ஓடினேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? சீ லான் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்துப் பேருக்கும் நல்ல வழி பண்ணிட்ட. இந்தக் கம்பெனி பதினஞ்சு பேருக்குத்தான் ஒரு சீட் இனாமாத் தரும். அதைக் கேட்டியா?"

காலண்டரின் கீழ்ப்பாதி

இன்னும் ஐந்து பேரைப் பிடிக்க மூன்று வாரம் நாயாக அலைந்தேன். கிடைக்கவில்லை. சொந்தக் காசில் போகிற அளவுக்கு என் சம்பளமும் வளரவில்லை. சனிக்கிழமை காலை, வழியனுப்பத்தான் ஏர்போர்ட்டுக்குப் போனேன். பத்துப் பேரும் பூப்போட்ட சட்டையில் நின்றார்கள். ஓலைத் தொப்பியைக் கார்த்திக்கிடம் கொடுத்தேன், அதுவாவது பார்படாஸைப் பார்க்கட்டும் என்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது.

மீனாட்சி அக்கா கவனித்துவிட்டார். "ஏன் தம்பி, நீங்க வரலையா?" என்றார். அவருக்கு டிக்கெட் மாறியது தெரியும், காரணம் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். சண்முகம் சார் பெட்டி எடை பார்க்கப் போவதுபோல நகர்ந்துவிட்டார். அக்கா ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்: "சனிக்கிழமை கிழக்கே போகணும்னா ஒரு வாய் தயிர் சாப்பிட்டுட்டுக் கிளம்பினாப் போதுமே தம்பி. அந்தக் காலண்டர்லயே சூலத்துக்குக் கீழ பரிகாரம் தயிர்னு போட்டிருக்குமே. நான் குடுத்த டப்பா உங்க ஆபீஸ்லதானே இருக்கு?"

திரும்பி வந்து, கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாத அந்தத் தயிரைச் சோற்றில் பிசைந்து தின்றபோது, பன்னிரண்டு வருட அனுபவத்தில் எனக்குத் தேறிய ஒரே பயண ஆலோசனை இதுதான்: பாஸ்போர்ட்டில் முதல் பக்கத்தைப் பாருங்கள், காலண்டரில் கடைசி வரியைப் பாருங்கள்.