தமிழில் எழுதிய விடைத்தாள்

புதுச்சேரி நெல்லித்தோப்புக்கு அருகில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. இருபது வருடங்களுக்கு மேலாகப் பாடத்தைத் தமிழில்தான் நடத்திவந்தேன். எங்கள் அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிய வருடம் ஜூன் மாதம் பள்ளிக்குப் போனபோது, மேசைமேல் புதுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அட்டை முதல் அட்டை வரை ஆங்கிலம். எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடம் பிரெஞ்சுப் புரட்சி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியின் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா என்று முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பேன், தமிழில் விளக்குவேன். கதை கேட்பதுபோல் கேட்பார்கள். பிறகு கரும்பலகையில் ஆங்கில விடையை எழுதிப்போடுவேன். அதை எழுத்து எழுத்தாகப் பார்த்து, கோலம் போடுவதுபோல் நோட்டில் வரைந்துகொள்வார்கள். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைகள் அவர்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். தேங்காய்த்திட்டிலிருந்து வருவாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவள் அவள்தான். "ராஜாவுக்கு ஊர்ல ரொட்டி இல்லன்னு யாரும் சொல்லலையா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டாள். சொல்லியிருப்பார்கள், அவர் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார் என்றேன். வகுப்பே சிரித்தது.

அரையாண்டுத் தேர்வுத் தாள்களை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்தினேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் கேள்விகளையே விடையாகத் திரும்ப எழுதியிருந்தார்கள். வெற்றுத்தாள் கொடுக்கக் கூடாது என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம்.

அவளுடைய தாள் மட்டும் வேறுமாதிரி இருந்தது. நாலு பக்கமும் தமிழ். பெண்கள் ஏன் அரண்மனைக்கு ஊர்வலமாகப் போனார்கள் என்ற கேள்விக்கு இப்படி எழுதியிருந்தாள்: 'ரொட்டி விலை ஏறினால் முதலில் பட்டினி கிடப்பது அம்மாதான். தடைக்காலத்தில் படகு கடலுக்குப் போகாதபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் பெண்கள்தான் முதலில் போனார்கள்.'

என் பணிக்காலத்தில் இப்படி ஒரு விடையை நான் படித்ததில்லை. பென்சிலால் முழு மதிப்பெண் போட்டு, தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன்.

அவர் முழுவதும் படித்தார். நல்லவர்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கா டீச்சர். ஆனா நம்ம ஸ்கூல் இங்கிலீஷ் மீடியம்னு பதிவாயிடுச்சு. தமிழ்ல எழுதுனா மார்க் போடலாம்னு என்கிட்ட ஆர்டர் எதுவும் இல்லியே."

"போடக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கா மேடம்?"

"அதுவும் இல்ல. நாளைக்கு யாராவது வந்து தாளைப் பார்த்தா நான் இன்னா பதில் சொல்றது?"

மேலிடத்துக்குப் போன் செய்தார். எழுத்துமூலம் கேட்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மதிப்பெண் பட்டியலை ஏற்றவேண்டிய நாள் வந்துவிட்டது. வரைபடத்தில் இடம் குறித்ததற்கு மட்டும் மதிப்பெண் போட்டேன். பென்சில் எண்களை ரப்பரால் அழித்தது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து அழிக்கச் சொல்லவில்லை.

தாளைக் கொடுத்த அன்று அவள் என் மேசைக்கு வந்தாள்.

"தப்பா எழுதிட்டனா மிஸ்?"

"தப்பு இல்லம்மா."

"அப்புறம் ஏன் மிஸ்?"

இங்கிலீஷில் எழுதணும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் கேள்வி கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

ஜனவரியில் சாயங்கால வகுப்பு ஒன்று ஆரம்பித்தேன். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். எனக்கே தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் பதினைந்து பிள்ளைகள் இருந்து படித்தார்கள். நாலாவது வாரம் எனக்கு வாக்காளர் பட்டியல் வேலை வந்தது. பள்ளி விட்டதும் வீடுவீடாகப் போய்ப் படிவம் வாங்கவேண்டும். வகுப்பு நின்றுபோனது.

ஆண்டுத் தேர்வில் அவளும் கேள்விகளையே விடையாக எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து. ஒரு இடத்திலும் எழுத்துப்பிழை இல்லை. ஐந்து பாடத்தில் நாலில் போய்விட்டது.

மே மாதம் அவள் அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நாற்றம் அடிக்கும் டீச்சர் என்று நின்றே பேசினார்.

"இன்னொரு வருசம் அதே கிளாஸ்ல உக்காந்தா மட்டும் இங்கிலீஷ் வந்துடுமா? அழுவுறா டீச்சர். நான் இன்னா பண்ணட்டும்?"

கடலூர் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளியில் தமிழிலேயே படிக்கலாமே என்றேன்.

"ரெண்டு பஸ்ஸு மாறணும். நான் விடிய மீன் ஏலத்துக்குப் போயிடுறேன். பொட்டப் புள்ளைய யாரு ஏத்தி விடுறது?"

பிறகு அவரே கேட்டார்.

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா டீச்சர்?"

"ஒரு பொண்ணு. பத்தாவது."

"எங்க படிக்குது?"

ஒரு தனியார் பள்ளி, எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம் என்று சொன்னேன். பொய் சொல்லத் தோன்றியது, வாய் வரவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு," என்று மட்டும் சொன்னார்.

வகுப்பாசிரியை நானே என்பதால் சான்றிதழில் என் கையெழுத்தும் வேண்டும். விலகும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று அலுவலகத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விலாசம் விசாரித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி இருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தை எடுத்துப் போயிருந்தேன். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் சித்தியோடு பேக்கிங் வேலைக்குப் போவதாக அவளே சொன்னாள். ஒரு வருடம் வயது கூடியதுபோல் இருந்தாள். எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதுவும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

"நான் நிரப்பித் தர்றேன். நீ கையெழுத்து மட்டும் போடு," என்றேன்.

"இப்ப வேணாம் மிஸ். வச்சிட்டுப் போங்க. எழுதணும்னு தோணுனா போன் பண்றேன்."

அவள் அம்மா விண்ணப்பத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். தெருமுனை வரை கூடவே வந்து என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அந்த வீட்டிலிருந்து இதுவரை எனக்குப் போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. பண்ணி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.