வகுப்பில் விழுந்த அரைப் பேர்

கரும்பலகையின் ஓரத்தில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘முழுப் பேர்’, மறுபக்கம் ‘அரைப் பேர்’ என்று கணித மாஸ்டர் எழுதிய காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஹட்டன் பக்கத்து உயர்தரப் பாடசாலையில் அக்காவும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் அக்காவை டவுனுக்கு அனுப்ப அப்பாவுக்கு மனம் வருவதற்குள் நானும் அவளை எட்டிப் பிடித்துவிட்டேன். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மலைநாட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான். எங்கள் பேச்சிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து எங்களுக்கு ரோஷம் ஊட்டலாம் என்று நினைத்திருக்கிறார். வீட்டுக் கணக்கை முடித்துவந்தால் முழுப் பேர், குறைவைத்தால் அரைப் பேர். நல்ல மனுஷன்தான், அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

ஆனால் அரைப் பேர் என்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் விளையாட்டு வார்த்தையா என்ன? பறித்த கொழுந்து நிறையில் குறைந்தால் கணக்கப்பிள்ளை அன்றைக்கு அரைப் பேர்தான் போடுவார். அரை நாள் சம்பளம். பகல் முழுக்க மழையிலும் அட்டைக் கடியிலும் நின்றது நின்றதுதான், அதற்கு ஒரு கேள்வியும் கிடையாது. அந்த வருஷம் அம்மாவுக்கு மூச்சிளைப்பு. மேட்டில் ஏறினால் நின்று நின்று போவாள், அரைப் பேர் அடிக்கடி விழுந்தது. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். “அம்மாவுக்கு முழுப் பேர் விழுற வரைக்கும் படிங்க. விழலைன்னா பெரியவ பேரைத் தோட்ட வேலைக்குப் பதிஞ்சுருவேன்.” அதனால் சனிக்கிழமைகளில் அக்கா அம்மாவோடு மலைக்குப் போய், அம்மாவின் கூடையில் தானும் பறித்துப் போட்டாள். அப்படியொரு கையுதவியில்தான் அவள் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குக் கணக்கு என்றால் உயிர். மாஸ்டர் பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவாள். “பொறு பிள்ளை, மற்றப் பிள்ளையளும் யோசிக்கட்டும்” என்பார். முகத்தில் வரும் சந்தோஷத்தை அவருக்கு மறைக்கவே தெரியாது. நீ எஞ்சினியராக வருவாய் என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல எங்களுக்கும் அது நடந்துவிடும் போலத்தான் இருந்தது. விஞ்ஞான டீச்சர் அப்படி எதுவும் சொல்வதில்லை. கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள் அவர். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, “பாருங்க, என்ன தெரியுது?” என்று கேட்பதோடு சரி.

அந்தத் திங்கட்கிழமை அக்கா கணக்குச் செய்யாமல் வந்திருந்தாள். சனிக்கிழமை மலை, ஞாயிறு முழுக்க அம்மாவுக்கு ஒத்தடமும் கஷாயமும். மாஸ்டருக்கு நம்பமுடியவில்லை.

“ஏன் பிள்ளை செய்யேல்லை?”

அக்கா எழுந்து நின்றாள்.

“நீயுமா? சரி, இண்டைக்கு உனக்கு அரைப் பேர்.” பலகையில் அவள் பெயரை எழுதினார்.

வகுப்பு சிரித்தது. லயத்துப் பிள்ளைகள்தான் பலமாகச் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் தங்கள் வீட்டு அரைப் பேர் தெரிந்துவிடும் என்ற பயமாக்கும். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பலகையில் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலம் அக்காவே அப்பாவிடம் போனாள். “என் பேரைப் பதிஞ்சுருங்கப்பா. அரைப் பேர் வாங்குறதுன்னா மலையிலயே வாங்கிக்கிறேன். அங்கன்னா காசாச்சும் வரும்.” அப்பா சரியென்று தலையாட்டினார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், வேலைக்காரர்களோடு வரிசையில் அக்காவும் நின்றாள்.

விஞ்ஞான டீச்சர் சொல்லித்தான் மாஸ்டருக்கு விஷயம் புரிந்தது. அப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்துப் பெண்களிடமிருந்து டீச்சருக்கு எங்கள் பாடு தெரியும். அந்த வாரக் கடைசியில் இருவரும் லயத்துக்கே வந்துவிட்டார்கள். மாஸ்டர் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் தலை குனிந்து நுழைந்து, அம்மா போட்ட தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். இவளைப்போல் ஒரு பிள்ளையைத் தான் கண்டதில்லை, விட்டுவிடாதீர்கள் என்றார்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். “நீங்க நல்லதுக்குத்தாங்க சொல்றீங்க. ஆனா எங்களுக்குத்தான் பிரஜாவுரிமை இல்லைன்னுட்டாங்களே. இவ படிச்சு முடிச்சா கவர்மெண்டுல வேலை குடுப்பாங்களா சேர்?”

மாஸ்டர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். அந்த நேரம் அக்கா நனைந்த கூடையோடு வாசலில் வந்து நின்றாள். மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். “பரவால்லைங்க சேர், உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போனாள். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு பலகையில் அந்தக் கோடு இல்லை. நீ இதுவாக வருவாய், அதுவாக வருவாய் என்று மாஸ்டர் யாரிடமும் சொல்லவுமில்லை. மணி அடித்தால் வருவார், பாடம் நடத்துவார், போவார். நான் பரீட்சையில் தேறி, தோட்ட நிர்வாகம் நடத்தும் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையானேன். பிரஜாவுரிமை இல்லாத எங்களுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

இப்போது அக்காவின் மகள் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். போன மாதம் மலையிலிருந்து திரும்பும் வழியில், மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அக்கா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். பாவாடை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“புள்ளைக்குக் கணக்கு வருதா?”

“உன்னையாட்டமே வருதுக்கா. நீ பார்க்கணுமே!”

அவள் சிரிக்கவில்லை. “அதை அவகிட்ட மட்டும் சொல்லிராத” என்றாள்.

இன்று காலை அந்தப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால் கணக்கை முடித்துக்கொண்டு வந்து சிலேட்டை நீட்டினாள். எல்லாம் சரி. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சரி போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையின் சிலேட்டுக்குக் கையை நீட்டினேன்.