அப்பா இறக்கிக் கட்டிய விளக்கு

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரை என்னைவிட அதிக காலம் தெரியும். அவருடைய படகு விளக்கைப் பற்றி மட்டும் மகளான நான் சொல்ல வேண்டும்.

அப்பா நோணாங்குப்பத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, வயல் வேலை செய்துகொண்டே படித்து, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். பென்சனோடு திரும்பிய மற்ற சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்கள், மாடி மேல் மாடி கட்டினார்கள். அப்பா ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். "வூட்டுக்கு வெள்ள அடிக்க நேரமில்ல, படகுக்கு மட்டும் அடிக்கிறாரு" என்பார் அம்மா.

சனிக்கிழமைகளில் கடற்கரைச் சாலைக்கு எதிரே நங்கூரம் போட்டு, படகிலேயே தூங்குவார். அப்படி நிற்கும் படகு மற்றவர்களுக்குத் தெரிய ஒரு வெள்ளை விளக்கு எரிய வேண்டும். அதைப் பாய்மரத்தின் உச்சியில் வைக்கச் சொன்னது அம்மாதான். எங்கள் மாடியிலிருந்து அந்த உச்சி மட்டுமே தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்குத் தூக்கம் வரும்.

சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. ஒரு விடியற்காலையில், மீன்பிடித்துத் திரும்பிய வீராம்பட்டினத்து மாமாவின் படகு அப்பாவின் படகை உரசிக்கொண்டு போனது. மாமா அப்பாவின் நெடுநாள் சிநேகிதர். பாவம், விளக்கே கண்ணில் படவில்லை என்றார். அப்பா ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. மாமாவின் படகில் ஏறி, அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து தம் படகைப் பார்த்தார். பிறருடைய இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவர் சுபாவம்.

அடுத்த வாரம் முழுக்க எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் விதவிதமான விளக்குகள் எரிந்தன. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று எங்களைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தார். பேட்டரியை அதிகம் தின்னாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாய்மரத்திலிருந்து படகின் முனைக்கு இறங்கும் முன்கயிற்றில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கட்டினார்.

"எனக்குத் தெரியாத வெளக்கு இன்னாத்துக்குங்க?" என்றார் அம்மா.

"நீயே வந்து பாரு" என்றார் அப்பா.

படகில் காலே வைக்காத அம்மா, அன்று பொழுது சாய்ந்ததும் மாமாவின் படகில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா முதலில் உச்சி விளக்கைப் போட்டார். அது சாலை விளக்குகளோடு கலந்து எதுவென்றே தெரியவில்லை. பிறகு கீழ் விளக்கைப் போட்டார். வெள்ளையடித்த படகு முழுசாகத் தெரிந்தது, அதில் நின்ற அப்பாவும் தெரிந்தார்.

"கீழயே இருக்கட்டும்" என்றார் அம்மா. ஆனாலும் சனிக்கிழமை தோறும் மாடிக்குப் போய் நிற்பதை அவர் விடவில்லை.

இதய நோயோடு போராடிய கடைசி நாட்களிலும் அப்பா முகம் சுளிக்கவில்லை. அவர் மறைந்த அன்று மாலை, அந்த விளக்கை நான் மாடியில் கட்டப் போனேன்.

"அங்க வேணாம்மா. கேட்டுல கட்டு. வர்றவங்க கண்ணுக்கு நேரா இருக்கட்டும்" என்றார் அம்மா.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்த வீராம்பட்டினத்து மாமாவுக்கும், அந்த விளக்கைப் பார்த்து எங்கள் வாசலுக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சனிக்கிழமைகளில் அம்மா இன்னும் மாடிக்குப் போகிறார்.