எங்கள் கூரையில் இருந்த பாலம்

பாலம் உட்கார்ந்துவிட்டது என்று போன் வந்தபோது நான் மரக்காணம் கடைத்தெருவில், டைப்பிஸ்ட்டாக வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். யாருக்கு என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. "எந்த எடத்துல?" என்றுதான் கேட்டேன்.

"நடுவுலதான். ஏன், எந்த எடமா இருந்தா உனக்கென்ன?" என்றார் போன் செய்த பக்கத்து வீட்டு அக்கா.

போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க நான் டைப் செய்த எல்லாவற்றிலும் தப்பு.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் உப்பளம். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த இரும்புப் பாலம். இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்கள், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். உப்பு மூட்டை ஏற்றிய மினி லாரி நடுப்பாலத்துக்கு வந்தபோது தளம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். முழங்கை பெயர்ந்ததோடு தப்பித்தார். அவர் எங்கள் தெருக்காரர். நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர்.

மறுநாளே பாலத்தின் இரண்டு முனையிலும் முள் வெட்டிப் போட்டு மறித்தார்கள். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் ஒரு மணி நேரம் சுற்றி நடந்தார்கள். வெயிலில் நடந்து திரும்புகிறவர்கள் எல்லோரும் டிரைவர் வீட்டைத் தாண்டும்போது குரலை உயர்த்திப் பேசினார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

அந்த வாரம் ஊராட்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "கலெக்டருக்கு மனு குடுக்கணும்மா. சும்மா பாலம் வேணும்னு எழுதினா குப்பையில போட்டுடுவான். இந்தப் பாலத்தோட வரலாற எழுது. எப்ப கட்டுனது, யார் கட்டுனது, எல்லாம். கடைசியில லாரிக்காரன் ஓவர்லோடு ஏத்தி ஒடச்சிட்டான்னு போடு."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வரலாறு ஒன்றும் கிடைக்கவில்லை. ரிடையர்டு வாத்தியார் ஒருவர், வெள்ளைக்காரன் உப்பு கொண்டுபோகக் கட்டியது என்றார். இன்னொருவர், வேறெங்கோ ரயில் போன பாலத்தைப் பிரித்துக் கொண்டுவந்து மாட்டியது என்று அடித்துச் சொன்னார். ஒரு சட்டத்தில் புடைப்பாக ஆங்கில எழுத்துகள் இருந்தன. போய்த் தடவிப் பார்த்தேன். துரு பொரிந்து, ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. எனக்குத் தெரிந்த பால வரலாறு ஒன்றே ஒன்றுதான். அதை எழுத முடியாது.

நான் பன்னிரண்டாவது படித்தபோது அடித்த புயலில் எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். மூச்சிரைப்புக்காரி. ஈரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் அவள் மூச்சுக்குத் திணறியதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் காலை அப்பா சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு, "வா, ஒரு கை புடி" என்றார். பாலத்துக்கு அடியில் குறுக்காகப் போகிற ஆங்கிள் இரும்புச் சட்டங்களில் ரிவிட் ஆணிகள் துருவேறிக் கிடந்தன. நாலு தட்டில் தலை தெறித்தது. இரண்டு ஆங்கிள்களைக் கழற்றினோம். ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் தூக்கி வந்தோம். "அடியில எவ்ளோ இருக்குது பாரு. இதால ஒண்ணும் ஆவாது" என்றார். அந்த இரண்டின் மேல்தான் ஷீட் போட்டோம். அம்மா அதற்குக் கீழே இன்னும் ஆறு வருஷம் இருந்தாள்.

மனு பாதியில் நின்ற நேரத்தில் டிரைவர் அண்ணா கடைக்கு வந்தார். லாரி ஓனர் வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம், அவருக்கு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டுமாம்.

"நான் எப்பவும் ஏத்துறததான்மா ஏத்தினேன். பாலத்து போர்டுல போட்டிருக்கிற எடைக்கு மேலதான், இல்லங்கல. ஆனா அத்தினி வருஷமா தாங்கினது அன்னிக்கு மட்டும் ஏன் தாங்கல? அத எழுது."

டைப் செய்யத் தொடங்கினேன். 'ஏன் தாங்கவில்லை' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. கரண்ட் விட்டுவிட்டு வருகிறது, நாளைக்கு வாங்கண்ணா என்று பொய் சொன்னேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "சொல்லிடலாமா?"

"இன்னாத்த?"

"மேல பாருப்பா."

அவர் பார்க்கவில்லை. "ரெண்டு ஆங்கிள்ல ஒரு பாலம் வுழுமா? பைத்தியமா உனக்கு?" என்றார். சொல்லிவிட்டு உட்காரவும் முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். உப்பளத்து வேலைக்குப் போகாத நாட்களிலும் அவர் தினம் காலையில் பாலத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை இன்ஜினியர் வந்தார். என் வயதுப் பெண்தான். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி அடிப்பாலத்தைப் பார்த்தார். முடிக்காத மனுவோடு நானும் கரையில் நின்றேன். தலைவரும் ஊர்க்காரர்கள் சிலரும் இருந்தார்கள். டிரைவர் அண்ணா தள்ளி, தனியாக நின்றார்.

"இங்க குறுக்கு ஆங்கிள் இருந்திருக்கு. காணோமே?" என்றார் இன்ஜினியர்.

"எவனாவது திருடன் கழட்டியிருப்பான் மேடம். இந்த லாரிக்காரனுங்களே..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"எங்க வீட்ல இருக்குது" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "புயலப்ப நானும் அப்பாவும் கழட்டினோம். ரெண்டு."

தலைவர் என்னை முறைத்தார். இன்ஜினியர் மட்டும் அடியிலிருந்து நிமிர்ந்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டா? இங்க பதினொண்ணு காணோங்க."

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். கோயில் பக்கத்து வீட்டுக்காரர், தன் ஆட்டுக்கொட்டகையில் ஒன்று இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு அக்கா, துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒன்று என்றார். தலைவரின் மோட்டார் கொட்டகையில் மூன்று இருப்பதை மறுநாள் அவர் மனைவியே சொல்லிவிட்டார்.

அந்த வாரத்திலேயே அப்பா சவுக்குக் கம்பு வாங்கி வந்து முட்டுக்கொடுத்து, ஆங்கிள்கள் இரண்டையும் இறக்கினார். என்னைத் தொட விடவில்லை. தெருவில் ஒற்றை ஆளாக ஒவ்வொன்றாக இழுத்துப் போய் ஊராட்சி அலுவலக வாசலில் போட்டார். சிமெண்ட் ரோட்டில் இரும்பு உரசிய சத்தத்துக்கு வீட்டுக்கு வீடு வெளியே வந்து பார்த்தார்கள். அதன் பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

எதையும் திரும்ப மாட்ட முடியவில்லை. உப்புத் தண்ணீர் அடிமூட்டுகளைத் தின்றிருந்தது, குறுக்கு ஆங்கிள்கள் இல்லை, பாரமும் அதிகம் என்று மூன்றையும் இன்ஜினியர் ரிப்போர்ட்டில் எழுதினார். டிரைவர் அண்ணாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பாலத்தை கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி, இரண்டே நாளில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் ஒருநாள் கடைத்தெருவில் டிரைவர் அண்ணா எதிரே வந்தார். நானாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணா, என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா" என்றார். "ஆனா ரெண்டு வாரம் என் வூட்டாண்ட யாரும் வரல. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போவமாட்டேன்னு அழுதுச்சு. நீ ஃபேன் ஓடுறப்ப கரண்ட் இல்லன்ன பாரு, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

ஆமாண்ணா என்றேன். அவர் தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இப்போது கால்வாயில் சிமெண்ட் குழாய்களைப் போட்டு, மேலே மண் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டிருக்கிறார்கள். புதுப் பாலத்துக்கு அளந்துவிட்டுப் போனவர்கள் இன்னும் வரவில்லை. ஐப்பசி நெருங்குகிறது. மழை வலுத்தால் பாதை முழுகிவிடும். அப்பா அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிற நாட்களில் வானம் கறுத்தால் எனக்குக் கடையில் இருப்புக்கொள்வதில்லை. பாதையில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.