வெள்ளை பனியன் போட்ட காக்கை

செய்தி வந்தபோது என் கையில் காக்கைக்கு வைக்கும் சோறு இருந்தது. பின்பக்கத்து மதிலுக்குப் போக அடி எடுத்து வைக்கிறேன், அடுக்களையில் கைப்பேசி அடித்தது. தான்சானியா எண். லூர்து மேரி வழக்கமாகக் கூப்பிடும் நேரம்தான். அங்கே பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி ஊற்றி முடித்திருப்பாள். "இருடி, காக்காவுக்கு வச்சிட்டு வரேன்" என்று சொல்லி ஃபோனை மேடையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து எடுத்தால், பேசியது அவள் இல்லை. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. அவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறார். எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார். என்னுடையது செய்தித்தாளையும் பேத்தியின் பாடப்புத்தகத்தையும் வைத்துக்கொண்டு நானாகப் படித்த இங்கிலீஷ். மற்ற நாளெல்லாம் தடுமாறும். அன்றைக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. சாமான் அறையில் மாவு அளந்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தாளாம். எழுந்திருக்கவில்லையாம்.

லூர்துவைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அண்ணாமலை நகரில் அவள் வார்டனாக இருந்த லேடீஸ் ஹாஸ்டல் பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்றார்கள். அவரவர்க்கு ஒரு லூர்து இருப்பாள். எனக்கு இருந்தவள் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவள். கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் விடிகாலையில் நடராஜர் சன்னதிக்குப் போய்த் திரும்பும் நேரம் அவள் மாடியில் ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சாமியை நான் கேட்டதில்லை, என் சாமியை அவள் கேட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளுக்கு ஒரு சோதனை உண்டு. முதல் பிடியைக் காக்கைக்கு வைத்து, அது வந்து எடுத்த பிறகுதான் நான் இலை போடுவேன். "வா சாமி, வா சாமி" என்று நான் கூப்பிட்டுக்கொண்டு நிற்க, இவள் கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "யக்கா, உங்க மாமியார் உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான் லேட்டா வருவாங்களா?" என்பாள். என் வீட்டுக்காரர் சிரித்துவிடுவார். எனக்குக் கோபம் வந்தாலும், அந்தக் காக்கை உட்காரும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தால் போய்விடும். பசிதான் காரணம் என்று அப்போது நினைத்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவளுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரீ ஒருவர் மூலம் இந்த அழைப்பு வந்தது. தான்சானியாவில் பெரிய ஊர் எதற்கும் பக்கத்தில் இல்லாத ஒரு கிராமம், பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. சம்பளம் கிடையாது, ஒரு அறை, மூன்று வேளை சாப்பாடு. "ஒரே ஒரு வருஷந்தான்க்கா" என்று போனாள். வருஷா வருஷம் அதையே சொன்னாள்.

நான் தினமும் அவளோடு அங்கே போய் வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விடியுமுன் மணி அடிப்பதும், பிள்ளைகள் குச்சிகளைக் கட்டி வாசல் கூட்டுவதும், அடிபம்பில் வாளி வரிசை வைப்பதும் எனக்குப் பாடம். அவள் வேலை சாமான் அறை. மக்காச்சோள மாவும் பீன்ஸும் அளந்து கொடுப்பது, கிழிந்த யூனிஃபார்ம் தைப்பது, கொசுவலையில் ஓட்டை அடைப்பது, காய்ச்சல் வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது. மத்தியானம் அந்த மாவைக் கிண்டிய உருண்டையும் பீன்ஸும். "நம்ம களிதான்க்கா, வெள்ளையா இருக்கும், அவ்ளோதான். பீன்ஸ் இல்லாம மட்டும் எனக்கு எறங்காது" என்பாள். வீட்டுச் சாமானை அளந்து செலவழிக்கிறவள் நான். அத்தனை வயிற்றுக்கு மாவு மாசக் கடைசி வரை எப்படித் தாக்குப் பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளும் என்னிடம் யோசனை கேட்பாள். அந்த மட்டும் எனக்குச் சந்தோஷம்.

மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல். வேறு மென்மையான வார்த்தை போட்டு எழுத எனக்கு விருப்பமில்லை.

ஞாயிறு காலையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் மாடிப்படி இறங்கி வந்து என் முன்னால் உட்காருவாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. என் கையைத் தவிர வேறு யார் கையும் பட விடமாட்டாள். போன முதல் வருஷமே ஒரு படம் அனுப்பினாள். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் முடியை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டுமாம், அதனால் இவள் முடி அவர்களுக்கு அதிசயம். நாலைந்து பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தலை முழுக்க பொடிப் பொடியாய்ப் பின்னி விட்டிருந்தார்கள். நடுவில் இவள் ராணி மாதிரி சிரிக்கிறாள். "நல்லாருக்காக்கா?" என்று கேட்டிருந்தாள். "சிக்கெடுக்கத் திரும்பி இங்கதான் வரணும்" என்று பதில் போட்டேன்.

லீவில் வந்தபோது ஒரு பெரிய பாட்டில் நிறைய நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். அவளுக்காக வெயில் பார்த்துப் போட்டது. ஒரு வருஷத்துக்கு வரும். போய்ச் சேர்ந்த வாரமே ஃபோனில், "யக்கா, புள்ளைங்க ஆளுக்கு ஒரு விரல் நக்கிப் பார்த்துச்சுங்க, பாட்டில் காலி. மொதல்ல மூஞ்சியச் சுளிச்சிட்டு மறுபடியும் வரிசையில வந்து நிக்குதுங்க" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர், "ஆப்பிரிக்காவுல படிக்கிற புள்ளைங்க மேல சிதம்பரத்துல ஒருத்தி பொறாமப்படறா. வெளியில சொல்லிடாத" என்றார்.

அந்த ஊரில் பெரியவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் "ஷிகமூ" என்பார்களாம். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று அர்த்தமாம். என் பேத்திகளைப் பண்டிகைக்கு விழுந்து கும்பிட வைப்பதற்குள் எனக்கு உயிர் போகும். அவளுக்கோ நடந்து போகிற வழியெல்லாம் கும்பிடு. ஒருநாள் இன்னொன்றும் சொன்னாள். "இங்க காக்காவுக்கு நெஞ்சு வெள்ளைக்கா. பனியன் போட்ட மாதிரி இருக்கு. பார்த்ததும் உங்க ஞாபகந்தான்." இருக்கட்டும், காக்கையாவது என்னை நினைவுபடுத்துகிறதே என்று எடுத்துக்கொண்டேன்.

மாடியை நான் யாருக்கும் விடவில்லை. யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கேட்டு வந்தார்கள். கடைசி லீவுக்கு அவள் வருமுன் வெள்ளையடித்து, குழாய் மாற்றி வைத்தேன். இந்தத் தடவை போக விடக்கூடாது என்று முடிவு. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"போதும்டி. உனக்கும் முடி நரைச்சிருச்சு. இங்கயே இரு."

"கொசுவலைய யாருக்கா தைப்பாங்க?"

"உலகத்துல தையக்காரிக்கா பஞ்சம்?"

"உங்களுக்கு மாமா இருக்காரு, புள்ளைங்க, பேத்திங்க இருக்காங்க, உங்க நடராஜர் இருக்காரு. அதுங்களுக்கு..."

"எனக்கு நீ எங்கடி இருக்கே?"

எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "உங்க மாடியிலதான்க்கா. எங்க போனாலும் மாடியிலதான் இருக்கேன்" என்றாள். நான் பின்னலை இழுத்து முடிந்தேன். வலித்திருக்கும்.

அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் அவளே இடம் சொல்லி வைத்திருந்தாளாம். அவள் தம்பி சேவியருக்குத் தெரியும், தலைமை ஆசிரியைக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. அவளைக் குளிப்பாட்டியதும் பெரிய பிள்ளைகள்தானாம், தலை சீவிவிட்டதும் அவர்கள்தானாம். நான் அவளுக்கு ரத்த உறவு இல்லை, மதத்தில் உறவு இல்லை. தீட்டுக்கூட எனக்குக் கிடையாது. செய்தி வந்த மறுநாள் நான் கோயிலுக்குப் போனேன், தடுக்க எந்தச் சாத்திரமும் இல்லை. அதைவிட எனக்கு வேறு தண்டனை வேண்டுமா?

முப்பதாம் நாள் பூசைக்கு மஞ்சக்குப்பம் போனேன். முடிந்ததும் சேவியர் என்னைத் தனியே உட்கார வைத்துத் தன் ஃபோனைக் காட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வீடியோ. சமையல் கொட்டகை, பெரிய பானை, தட்டோடு பிள்ளைகள் வரிசை. யாருக்கும் போடுமுன் உயரமான ஒரு பெண் பானையிலிருந்து ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு போய்க் குட்டைச் சுவர் மேல் வைக்கிறாள். வரிசை அப்படியே நிற்கிறது. அந்தப் பெண் வாயில் கை குவித்து, "வா சாமி, வா சாமி" என்கிறாள். பின்னால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிடுகிறார்கள். பனியன் போட்ட ஒரு காக்கை இறங்கி வருகிறது.

"அக்கா போனதுலருந்து இல்லீங்களாம், முதல் வருஷத்துலருந்தே தினம் நடக்குதாம். எங்க வூட்ல இப்படிச் செய்யற பழக்கமே இல்லியே. இத அக்கா எங்கருந்து புடிச்சுதுன்னு தெரியல" என்றார் சேவியர்.

"அது எங்க வூட்டுதுப்பா" என்றேன். சேவியர் ஃபோனை என் கையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அப்போதும் எனக்கு எரிந்தது. என் மாமியார் சொல்லிக் கொடுத்ததை, என் வாயிலிருந்து வந்த சொல்லை, யாருடையது என்று தெரியாமல் ஐம்பது வாய் கூப்பிடுகிறதே என்று எரிந்தது. பிறகு அந்த உயரமான பெண்ணே ஒருநாள் தலைமை ஆசிரியையின் ஃபோனில் என்னைக் கூப்பிட்டாள். நீமா என்று பெயர். "ஷிகமூ" என்று ஆரம்பித்தாள். "நீங்கள்தான் சாமியைக் கூப்பிடும் அக்காவா? நாங்கள் சரியாகச் செய்கிறோமா என்று உங்களைத்தான் கேட்க வேண்டுமாம், மாமா லூர்து சொல்லியிருக்கிறார்" என்றாள். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் சேர்த்துக்கொண்டு சொன்னேன்: "எல்லாம் சரி. ஆனால் வெறும் உருண்டை வைக்காதே. கொஞ்சம் பீன்ஸும் வை. இல்லாவிட்டால் அவளுக்கு இறங்காது."

இப்போது வைக்கிறார்களாம்.

நான் இங்கே முதல் பிடியில் முன்னோருக்குச் சொல்லிவிட்டு அவள் பெயரையும் சொல்கிறேன். யாரையும் கேட்கவில்லை, நடராஜரிடம் மட்டும் சொல்லிவிட்டேன். சோற்றின் ஓரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய். காக்கை சோற்றை எடுத்துக்கொண்டு ஊறுகாயை விட்டுவிட்டுப் போகிறது. போகட்டும். மாடி பூட்டியேதான் இருக்கிறது. அவளுடைய முடியை, கையை, சிரிப்பை, கடைசியில் என் காக்கையைக்கூட அந்தப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கென்று அவளிடமிருந்து மிஞ்சியது இந்தப் பொறாமை ஒன்றுதான். இதில் மட்டும் அவர்களுக்குப் பங்கு கிடையாது.